புதன்கிழமை கேக் லோக் சி

ரேவதி: அண்ணா, அண்ணி, சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு எல்லாரும் பினாங்கு வருகிறீர்களே, ஒரு நாள் ஆயர் ஈத்தாமில் இருக்கும் கேக் லோக் சி புத்தர் கோயிலுக்குப் போகலாமா? பெரியம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை.

பெரியம்மா: ஆமாம்மா. முன்பு வெள்ளைச் சிலை இருந்தபோது போனது. அது தீயில் பழுதாகி, கருணைத் தெய்வம் குவான் யினுக்கு இந்தப் பெரிய வெண்கலச் சிலை வந்த பிறகு கிட்டப் போனதே இல்லை. கீழே பஸ்ஸில் போகும்போது கும்பிட்டுக்கொள்வதோடு சரி.

சரவணன்: கண்டிப்பாகப் போவோம் பெரியம்மா. முழங்கால்தான் யோசனை. சந்தைப் பக்கமிருந்து ஏறினால் கடைகளுக்கு நடுவே படி படியாக அல்லவா இருக்கும்?

ரேவதி: அந்தப் படியே வேண்டாம். கார் மேலே வரை போகும். கோயிலுக்குள்ளிருந்து சிலை இருக்கும் தளத்துக்குச் சாய்வு லிப்டும் உண்டு, டிக்கெட் வாங்கினால் போதும்.

சித்தப்பா: அவரை மேலே உட்கார வைத்துவிட்டு எல்லாரும் படம் எடுக்கப் போய்விடாதீர்கள். ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

மாலதி: நான் இருக்கிறேன் மாமா. அத்தைக்கு மடக்கு நாற்காலியும் கொண்டு வருகிறேன்.

கவின்: அத்தை, அன்றைக்கே பினாங்கு ஹில் ரயிலும் போய்விடலாமே? 204 பஸ் இரண்டுக்கும்தான் போகிறது.

ரேவதி: வேண்டாம் கவின். விடுமுறையில் மலை ரயில் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். அப்புறம் கேக் லோக் சி கோயிலின் பகோடா கோபுரத்தை ஓட்டமாகப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். கீழே நின்று அண்ணாந்து பார், அடிப்பகுதி எண்கோணமாகச் சீன பாணி, நடு அடுக்குகள் தாய்லாந்து பாணி, உச்சி பர்மா பாணி. மகாயானம், தேரவாதம் என்ற பௌத்தத்தின் இரண்டு பிரிவுகளும் ஒரே கோபுரத்தில் சேர்ந்திருக்கின்றன. இப்படி ஒன்றை நம் ஊரிலேயே வைத்துக்கொண்டு அவசரமாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

சித்தப்பா: அந்தப் பகோடாவுக்கு அடிக்கல் நாட்டியவர் சயாம், அதாவது தாய்லாந்து, மன்னர் ஆறாம் ராமர். கட்டி முடித்தது 1930இல். கோயில் அதற்கும் பழையது, 1890 வாக்கில் பியாவ் லியான் என்ற துறவி தொடங்கியது. சீனப் பேரரசர் குவாங்சு 1904இல் புத்த நூல்கள் அனுப்பியிருக்கிறார்.

கவின்: சரி அத்தை, ஹில் இன்னொரு நாள். பகோடா உள்ளே ஏறலாமா?

ரேவதி: ஏறலாம். 7 அடுக்கு, படிகள் குறுகல். மேலேயிருந்து ஜார்ஜ் டவுனும் கடலும் தெரியும். ஆனால் மாலையில் மூடிவிடுவார்கள், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

சரவணன்: எந்த நாள்? எங்களுக்குச் சனிக்கிழமைதான் வசதி.

ரேவதி: சனி வேண்டாம் அண்ணா. புத்தாண்டு விளக்கு போட்டிருக்கும் நாட்களில் சாயங்காலமானால் ஆயர் ஈத்தாம் ரோடு நகராது. பெரியம்மாவைக் காரில் ஒரு மணி நேரம் உட்கார வைக்க முடியாது. புதன் லீவு கிடைக்குமா? மூன்று மணிக்கே மேலே போய்விடுவோம். ஏழரைக்கு மேல் இருட்டியதும் விளக்குகளைப் பார்த்துவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு இறங்கலாம்.

மாலதி: பிள்ளைகளுக்கு அந்த வாரம் பள்ளி இல்லை. கேட்டுப் பாருங்கள்.

சரவணன்: நாளை கேட்டுச் சொல்கிறேன். அவ்வளவு நேரம் சின்னவள் என்ன செய்வாள்?

ரேவதி: ஆமைக் குளம் இருக்கிறதே! கங்கோங் கீரைக் கட்டு வாங்கிக் கொடுத்தால் போதும். தண்டை நீட்டினால் ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கழுத்தை நீட்டி இழுக்கும். அப்புறம் ரிப்பன் கட்டுவது. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வேண்டுதல் அச்சடித்திருக்கும், பெயர் எழுதித் தொங்கவிட வேண்டும். பெரியம்மா, உங்களுக்கு உடல்நல ரிப்பன் நான் கட்டுகிறேன்.

பெரியம்மா: எனக்கு வேண்டாம், கவின் படிப்புக்குக் கட்டு. குவான் யினுக்குப் பூவும் பழமும் வாங்கிக்கொள்ளலாமா?

சித்தப்பா: தாராளமாக. சைவமாக இருந்தால் சரி.

கவின்: பெரிய பாட்டி, நாம் சாமி கும்பிட்டால் அங்கே ஏதாவது நினைப்பார்களா?

பெரியம்மா: எதற்கடா நினைக்கப் போகிறார்கள்? தைப்பூசத்துக்கு ரதம் வரும்போது தெருவெல்லாம் தேங்காய் குவித்து உடைப்பவர்களில் எத்தனை சீனர்கள்! தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் தூக்கி ஏறுகிறார்கள். எதிர்வீட்டு அம்மாவும் வருஷா வருஷம் போகிறார். நாமும் அவர்கள் கோயிலுக்கு மனசார ஒரு நாள் போக வேண்டும். அதற்காகத்தான் கேட்டேன்.

மாலதி: அப்படியென்றால் எதிர்வீட்டு அம்மாவையும் கூப்பிடலாமே அத்தை? எங்கள் காரில் இடம் இருக்கிறது.

பெரியம்மா: நல்லதாகப் போயிற்று. எப்படிக் கும்பிடுவது என்று அவரே சொல்லித் தருவார். காலையில் கேட்கிறேன்.

ரேவதி: எல்லாரும் தோள் மூடும் சட்டையாகப் போடுங்கள். சாப்பாடு கோயில் சைவ உணவகத்திலேயே.

சரவணன் (மறுநாள்): லீவு கிடைத்தது. புதன்கிழமை காலையிலேயே தைப்பிங்கிலிருந்து கிளம்பிவிடுகிறோம்.

பெரியம்மா: எதிர்வீட்டு அம்மா வருகிறார். ஆரஞ்சுப் பழம் அவர் கொண்டு வருவாராம், நாம் பூ மட்டும் வாங்கினால் போதும்.