சிவிட்டாவெக்கியாவில் கப்பல் நிற்கும் ஒரு பகலில் பழைய ரோமை நடந்தே பார்க்க முடியுமா?

கூடல்நகர்க்காரன்:

வணக்கம். வர்ற ஜூன் கடைசியில அப்பா, அம்மாவோட மத்தியதரைக் கடல் குரூஸ் போறோம். சிவிட்டாவெக்கியா துறைமுகத்துக்குக் காலை 7 மணிக்குக் கப்பல் வருது, சாயங்காலம் 7 மணிக்குக் கிளம்புது. 6.30க்குள்ள எல்லாரும் ஏறிடணும்னு போட்டிருக்கு. கப்பல்காரங்க நடத்துற டூர் மூணு பேருக்குக் கட்டுப்படியாகல. ரயில்ல போய், பழைய ரோமை மட்டும் நடந்து பார்த்துட்டு வரலாம்னு யோசனை.

அப்பாவுக்கு 67. தினமும் காலையில வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுத்தி நடக்கிறவர். அம்மாவுக்குச் சமதரையில பிரச்சினை இல்ல, படி ஏறினா முழங்கால் வலிக்கும். ரெண்டு பேரும் சுத்த சைவம். எந்த ஸ்டேஷன்ல இறங்கணும், எதைப் பார்க்கணும், எதை விடணும், எத்தனை மணிக்குத் திரும்பினா பயமில்லாம கப்பலைப் பிடிக்கலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மேலமாசி:

தாராளமா போகலாம் தம்பி. இறங்குற ஸ்டேஷனை மட்டும் மாத்திடாதீங்க: தெர்மினி வேண்டாம், ரோமா ஓஸ்தியென்சே.

எல்லாரும் பெரிய ஸ்டேஷன்னு தெர்மினி வரைக்கும் போயிடுறாங்க. சிவிட்டாவெக்கியா ரயில் அங்க 25க்கு மேல உள்ள கடைசி பிளாட்பாரங்கள்லதான் நிக்கும். அங்கிருந்து ஸ்டேஷன் முகப்புக்கு வரவே பத்து நிமிஷ நடை. அப்புறம் கூட்டத்துல மெட்ரோ. ஓஸ்தியென்சே அதுக்கு முன்னாடியே வந்துடும். வாசலைத் தாண்டினா செஸ்டியஸ் பிரமிடு, அதாவது ஒரு ரோமானியரோட கல்லறை, நிக்குது, பக்கத்துலயே 3ஆம் நூற்றாண்டு ஆரேலியன் மதில். பார்க்க வேண்டியது அங்கயே ஆரம்பிச்சிடுது.

காலையில நடக்கிறது இப்படி. கப்பல் பக்கத்துலயே துறைமுகத்தோட இலவச ஷட்டில் பஸ் நிக்கும், லார்கோ டெல்லா பாச்சேங்கிற இடத்துல இறக்கிவிடும். அங்கிருந்து ரயில் நிலையம் இருபது நிமிஷத்துக்கு மேல நடை, டவுன் பஸ்ஸும் உண்டு. அம்மாவை பஸ்ல கூட்டிட்டுப் போங்க, தெம்பை இங்கயே செலவழிக்காதீங்க. டிக்கெட் 'ரீஜனலே'ங்கிற உள்ளூர் ரயிலுக்குத்தான் எடுக்கணும், ஆளுக்கு 5 யூரோ பக்கம் வரும். அதே டிக்கெட்டோட இன்டர்சிட்டில ஏறினா அபராதம். காகித டிக்கெட்னா பிளாட்பாரத்துல இருக்கிற சின்ன மெஷின்ல நுழைச்சு முத்திரை வாங்கிட்டுத்தான் ஏறணும். ஃபோன்ல எடுத்தா அதுலயே செக்-இன் அழுத்தணும். பணம் கட்டியும் அபராதம் கட்டுறவங்க பெரும்பாலும் இந்த இடத்துலதான் மாட்டுறாங்க. திரும்பி வரும்போதும் இதே கதைதான்.

ஓஸ்தியென்சேக்கு சுமார் ஒரு மணி நேரம். இறங்கினதும் பிரமிடைப் பார்த்துட்டு வியாலே அவென்டினோ வழியா நேரா நடந்தா சர்க்கஸ் மேக்சிமஸ், அதாவது தேர்ப்பந்தய மைதானம். சுமார் 600 மீட்டர் நீளப் பள்ளம், இப்போ புல்தான். பள்ளத்தோட விளிம்புல நின்னு ஒருதரம் பார்த்தா போதும், கீழே இறங்க வேண்டாம். அடுத்து வலது கை பக்கம் சான் கிரெகோரியோ சாலை. அது கான்ஸ்டன்டைன் வளைவுல, கொலோசியம் முன்னாடி கொண்டு போய் விடும். மொத்தமும் ரெண்டரை கிலோமீட்டருக்குள்ளதான், அநேகமா சமதரை. நின்னு நின்னு போனாலும் முக்கால் மணி நேரம்.

கொலோசியம் டிக்கெட்டை 11 மணி ஸ்லாட்டுக்கு எடுங்க. 9.30க்கோ 10க்கோ எடுத்தா, ஒரு ரயில் தாமதமானாலே ஸ்லாட் போயிடும். அதிகாரப்பூர்வ இணையதளத்துல சுமார் 30 நாளைக்கு முன்னாடி விற்பனை திறக்கும், 18 யூரோ, பக்கத்துல இருக்கிற ஃபோரம் (பழைய ரோமோட நகர மையம்), பாலடைன் குன்றும் சேர்த்து. ஜூன்ல சீக்கிரம் தீர்ந்துடும். டிக்கெட்ல பெயர் அச்சாகும், வாசல்ல அடையாள அட்டை கேட்பாங்க. சில கப்பல்கள்ல பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்குவாங்க. அதனால கலர் நகலையும் வேற ஒரு போட்டோ அடையாள அட்டையையும் ஊர்லயே எடுத்து வெச்சிடுங்க. முன்னெழுத்து, அப்பா பெயர் வரிசையெல்லாம் பாஸ்போர்ட்ல இருக்கிறபடியே டைப் பண்ணுங்க. நம்ம ஊர்ப் பெயர்கள்ல குழப்பம் வர்றதே அங்கதான்.

ரயில்வேகாலனி:

திரும்பும் நேரத்தைக் கப்பலில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 6.30க்கு ஏறியிருக்க வேண்டும் என்றால், 5.15க்கு லார்கோ டெல்லா பாச்சேயில் ஷட்டிலுக்கு நிற்க வேண்டும். அதற்கு 4.45க்குள் சிவிட்டாவெக்கியா நிலையம். அப்படியானால் ஓஸ்தியென்சேயில் மதியம் 3.30 வாக்கில் ரயில் ஏற வேண்டும். அது ரத்தானாலோ தவறினாலோ அடுத்த ரயிலில் வந்து சேர இடம் இருக்கிறது. கடைசி ரயிலைத்தான் பிடிப்பேன் என்று திட்டம் போடுகிறவர்கள்தான் துறைமுகத்தில் நின்று கப்பலுக்குக் கை காட்டுகிறார்கள். கப்பல் கம்பெனி டூரில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவர்களுக்கு நிற்காது.

கொலோசியத்தில் இருந்து ஓஸ்தியென்சேக்குத் திரும்ப நடக்க வேண்டாம். கொலோசியோ மெட்ரோவில் பி லைன், லாரென்டினா திசை, இரண்டாவது நிறுத்தம் பிராமிதே. அங்கிருந்து சுரங்கப் பாதை வழியாகவே ரயில் நிலையம் போய்விடலாம். மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ. அந்த மெட்ரோவில் ஜேப்படி அதிகம், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓஸ்தியென்சேயில் போர்டைப் பார்க்கும்போது 'சிவிட்டாவெக்கியா' என்ற பெயரை மட்டும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கிரோசெட்டோ, பீசா போகும் ரீஜனல் ரயில்களும் அந்த வழியாகத்தான் போகின்றன. விடெர்போ, ஃபியுமிசினோ விமான நிலைய ரயில்களும் அங்கே நிற்கும், அவற்றில் ஏறிவிடாதீர்கள்.

இன்னொன்று, வேலை நிறுத்தம். இத்தாலியில் அதற்கு 'ஷோபெரோ' என்று பெயர், தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வார நாள் என்றால் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரைதான் ரீஜனல் ரயில்களுக்கு உத்தரவாதம். காலையில் சுகமாகப் போய்விடுவீர்கள், மதியம் 3.30க்குத் திரும்ப ரயில் இருக்கும் என்று உறுதி இல்லை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பார்த்துவிடுங்கள். அன்று அப்படி இருந்தால் ரோமை மறந்துவிட்டு, துறைமுக ஊரிலேயே இருக்கும் ரோமப் பேரரசர் டிராஜன் காலத் துறைமுகப் பகுதியையும், ஊருக்கு வெளியே சில கிலோமீட்டரில் உள்ள டாரின் குளியல் மண்டபங்களையும் பாருங்கள். அதுவும் அசல் ரோம்தான்.

அழகர்மலை:

மேலமாசி சொன்ன வழி அருமை, ஆனால் அம்மாவை காலையில் ரெண்டரை கிலோமீட்டர் நடக்க வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நடக்க வேண்டிய இடம் ஃபோரம். அங்கே தரை முழுக்க ரோமானியர் போட்ட பெரிய பெரிய கருங்கல் பாளங்கள். காலங்காலமாக வண்டியும் காலும் பட்டு வழுவழுவென்று, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும், இடுக்கில் பாதம் மடங்கும். பிரமிடைப் பார்த்துவிட்டு மெட்ரோவில் ரெண்டு நிறுத்தம் போய், தெம்போடு உள்ளே இறங்குங்கள். செருப்பு, சாண்டல் வேண்டாம், அடி தடித்த ஷூ. புது ஷூ என்றால் அழகர்கோவிலில் இருந்து பழமுதிர்சோலைக்கு மலைப்பாதையில் நாலைந்து தடவை ஏறி இறங்கிப் பழகட்டும். சமதரைத் தெப்பக்குளம் அதற்குப் போதாது.

கொலோசியத்தில் தரைத்தளச் சுற்றே அம்மாவுக்குப் போதும். மேல் தளத்துக்குப் படிகள் செங்குத்து. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு லிஃப்ட் உண்டு, ஊழியரிடம் கேட்கலாம். உள்ளே போகும் முன் வடக்குப் பக்க வளைவுகளின் தலையைப் பாருங்கள்: 23 முதல் 54 வரை ரோம எண்கள் இன்னும் இருக்கின்றன. கி.பி. 80இல் திறந்தபோது பார்வையாளர் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்பதற்குப் போட்ட எண்கள். சுவர் முழுக்க அம்மைத் தழும்பு போல் ஓட்டைகள் தெரியும். கல்லோடு கல்லை இணைத்த இரும்புப் பட்டைகளை இடைக்காலத்தில் பெயர்த்து எடுத்த தடம் அது.

அடுத்து டைட்டஸ் வளைவு வழியாக ஃபோரத்துக்குள் இறங்குங்கள். பாலடைன் குன்றை விட்டுவிடுங்கள், ஏற்றம். வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், அதனால் தண்ணீர், கழிப்பறை எல்லாம் உள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஃபோரத்தில் ரெண்டு இடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். முதலாவது, வலது பக்கம் மூன்று பிரம்மாண்ட வளைவுகளோடு நிற்கும் மாக்சென்டியஸ் பசிலிக்கா. அதற்கு அடியில்தான் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில் ஏற்றிய மிளகு வந்து சேர்ந்த ஊர் இது. அதற்கு ஈடாக வந்த ரோமக் காசுகள் தமிழ்நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளத்திலும் ரோமக் காசும் மண்பாண்டமும் எடுத்திருக்கிறார்கள். மதுரைக்காரர்கள் அந்த இடத்தைத் தாண்டி ஓடக்கூடாது.

ரெண்டாவது, அன்டோனினஸ், ஃபாஸ்டினா கோயில். தூண்களுக்குப் பின்னால் ஒரு பச்சைக் கதவு, வாசற்படியே இல்லாமல் ஆள் எட்டாத உயரத்தில் தொங்கும். கோயிலைத் தேவாலயமாக மாற்றி அந்தக் கதவை வைத்தபோது மண் அந்த மட்டம் வரை மூடியிருந்தது. பிறகு தோண்டி எடுத்ததால் கதவு அந்தரத்தில் நிற்கிறது. கீழடியில் குழியின் ஓரத்தில் நின்று மண்ணடுக்கைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

தெற்குவாசல்:

தண்ணிக்குக் காசு கொடுக்காதீங்க. தெருவுக்குத் தெரு 'நசோனே'ங்கிற இரும்புக் குழாய் ஓடிக்கிட்டே இருக்கும், குடிக்கிற தண்ணிதான், ஜில்லுன்னு இருக்கும். குழாய் மூக்கோட நுனியை விரலால அடைச்சா மேல இருக்கிற சின்ன ஓட்டையில இருந்து தண்ணி எகிறும், குனியாம குடிக்கலாம். கண்ணாடி பாட்டில் கொலோசியத்துக்குள்ள விடமாட்டாங்க. தொப்பியும் குடையும் கட்டாயம், ஃபோரத்துல நிழல் ரொம்பக் கம்மி.

சாப்பாடு: துண்டு போட்டு எடை போட்டு விக்கிற பீட்சா கடை எல்லா இடத்துலயும் உண்டு. மார்கெரிட்டா, மரினாரா கேளுங்க. மரினாரான்னா மீன் இல்ல, தக்காளி, பூண்டு, ஓரிகானோ, அவ்வளவுதான், சீஸும் கிடையாது. 'சுப்ளி'ன்னு சோத்து உருண்டை பொரிச்சு வெச்சிருப்பாங்க, பழைய செய்முறையில உள்ள கறி சேரும், கேக்காம வாங்காதீங்க. ரொம்ப ஆச்சாரமா இருந்தா சீஸையும் தவிர்க்கணும். பெக்கொரினோ மாதிரி சீஸ்ல கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டி வயித்துல எடுக்கிற, பாலை உறைய வைக்கிற பொருள் சேரும்.

கொலோசியம் வாசல்ல கையில கயிறு கட்ட வருவாங்க. கையை நீட்டாதீங்க, கட்டிட்டு காசு கேப்பாங்க.

கூடல்நகர்க்காரன்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். மெட்ரோவுல போய் ஃபோரத்துல நடக்கிற யோசனைதான் அம்மாவுக்குச் சரி. பாந்தியன்ங்கிற பழைய ரோமக் கோயிலை எப்படியாவது சேர்க்க முடியுமா? அப்பா அதைத்தான் கேக்கிறார். அப்புறம், பழைய ரோமோட துறைமுக ஊரான ஓஸ்தியா அன்டிகா போனா என்னன்னும் ஒருத்தர் சொன்னார்.

அழகர்மலை:

பாந்தியன் ஃபோரத்தில் இருந்து ஒன்றரை கிலோமீட்டர் பக்கம், 5 யூரோ டிக்கெட். 43.3 மீட்டர் அகலக் குவிமாடம், கம்பியே போடாத கான்கிரீட், நடுவில் திறந்த வட்டம். மழை விழுந்தால் வடிய, தரையில் சின்னச் சின்னத் துளைகள் போட்டிருக்கிறார்கள், அப்பாவைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் 1.15க்கு ஃபோரத்தை விட்டு வெளியே வந்திருந்தால் மட்டும் போங்கள். 1.45 ஆகிவிட்டால் யோசிக்காமல் விட்டுவிடுங்கள். போனால் ஓஸ்தியென்சேக்குத் திரும்ப வேண்டாம், வெனிசியா சதுக்கத்தில் 8ஆம் எண் டிராம் பிடித்து டிராஸ்தேவெரே நிலையம். அதே சிவிட்டாவெக்கியா ரயில்கள் அங்கேயும் நிற்கும். சில நாள் டிராமுக்குப் பதில் பஸ் ஓடும், கூட்டத்தில் மெதுவாகப் போகும்.

மேலமாசி:

ஓஸ்தியா அன்டிகாவும் நல்ல யோசனைதான். பிராமிதே பக்கத்துல போர்ட்டா சான் பாவ்லோ நிலையம், அங்கிருந்து அரை மணி நேரம், மெட்ரோ டிக்கெட்டே போதும். கூட்டம் கம்மி, வியாபாரிகள் சதுக்கத்துல கப்பல், யானைன்னு தரையில பதிச்ச மொசைக் இருக்கு, கடல் வாணிபம் பிடிச்சவங்களுக்கு கொலோசியத்தை விட அதுதான் விருந்து. ஆனா அந்த லைன்ல தாமதம் சகஜம், திங்கட்கிழமை மூடியிருக்கும். முதல் தடவை ரோம் போற பெற்றோரை கொலோசியம் காட்டாம கூட்டிட்டு வந்துடாதீங்க.

டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடி விசாவையும் ஒரு பார்வை பார்த்துக்குங்க. நடுவுல துருக்கி மாதிரி ஷெங்கன் (ஐரோப்பியப் பொது விசா) இல்லாத நாட்டுல கப்பல் நின்னு திரும்ப இத்தாலிக்கோ கிரீஸுக்கோ வந்தா, ஒருமுறை நுழைவு விசா போதாது. பல முறை நுழைவுன்னு கேட்டு விண்ணப்பிக்கணும்.