மொட்டைமாடி கேஸ் உலை: சுடர் குழாய்க்குள்ளேயே இறங்கிவிடுகிறது

பெரம்பூர் சம்மட்டி:
இரும்பு காய்ச்சி அடிக்க ஒரு உலை. பழைய தீயணைப்பு சிலிண்டரை வெட்டி, உள்ளே செராமிக் கம்பளி சுற்றி, முக்கால் இஞ்ச் ஜிஐ குழாயில் பர்னர் போட்டிருக்கிறேன். கேஸ் பீறிடும் ஜெட்டுக்கு 0.8 மி.மீ. துளையுள்ள மிக் வெல்டிங் டிப். பற்றவைத்தால் ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாக எரிகிறது. அப்புறம் பட் பட் என்று சத்தம், சுடர் குழாய்க்குள் போய்விடுகிறது. புதுப்பேட்டையில் வாங்கிய கமான் பட்டை (வண்டி ஸ்பிரிங் தகடு) மங்கிய சிவப்பைத் தாண்டவே இல்லை. இருப்பது வீட்டு சிலிண்டரும் அடுப்பு ரெகுலேட்டரும்தான். பர்னரை மாற்றுவதா, டிப்பை மாற்றுவதா? செய்ய நினைப்பது ஒரு சமையல் கத்தி, அம்மாவுக்கு ஒரு அரிவாள்மணை.

கரி போதும்:
கரி மூட்டையும் ஒரு ஊது விசிறியும் போதுமே. திருப்பாச்சேத்தி அரிவாள் எல்லாம் கேஸிலா அடித்தார்கள்?

அம்பத்தூர் லேத்:
கரியில் அடிக்கலாம், யார் வேண்டாம் என்றார்கள். ஆனால் பெரம்பூர் மாடியில் கரிப்புகை கிளம்பினால் பக்கத்து வீட்டில் காயும் துணிக்கு யார் பதில் சொல்வது?

தம்பி, பர்னரிலும் டிப்பிலும் கை வைக்காதீர்கள், கோளாறு ரெகுலேட்டரில் இருக்கிறது. அடுப்பு ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார் அழுத்தம். யூடியூபில் வெள்ளைக்காரர் சொல்லும் 10 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய 0.7 பார், அதாவது 700 மில்லிபார். உங்களுக்கு வருவது அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த மாதிரி பர்னரில் காற்றை உள்ளே இழுப்பதே ஜெட்டின் வேகம்தான். வேகம் இல்லை, காற்று வரவில்லை, அதனால் ஆரஞ்சு. கலவை குழாயில் வெளியே போகும் வேகத்தைவிடச் சுடர் பின்னால் ஓடும் வேகம் அதிகமாகிவிட்டால் உள்ளே இறங்கும். அந்தப் பட் பட் அதுதான். கேட்டதும் கேஸை அடைத்துவிடுங்கள்.

சிவப்பு சிலிண்டரை விட்டுவிடுங்கள். அதைச் சமையல் தவிர வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்று 2000-ம் ஆண்டின் எல்பிஜி ஆணையே இருக்கிறது. 19 கிலோ வணிக சிலிண்டர், ஹோட்டல்காரர்கள் போடும் திருகு வைத்த ஹை பிரஷர் ரெகுலேட்டர், அந்த அழுத்தத்துக்கென்றே உள்ள ஹோஸ், பர்னருக்கு முன்னால் ஒரு பால் வால்வு. இவ்வளவு மாற்றினால் உங்கள் பர்னரே சீறும். குழாயின் முனை மட்டும் உலைக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம், உள்சுவருக்கு ஒரு இஞ்ச் பின்னால் நிற்கட்டும்.

ஜிஐ என்றீர்களே, சூடேறும் முனையில் துத்தநாகப் பூச்சு புகைந்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் போல வந்து படுக்க வேண்டியிருக்கும். அந்தக் குழாயை மட்டும் கருப்பு எம்எஸ் (பூச்சில்லாத சாதா இரும்பு) குழாயாக மாற்றுங்கள்.

கம்பளியைச் சும்மா சுற்றினால் போதாது. 1260 டிகிரி ரகம், 25 மி.மீ. தடிமன், இரண்டு சுற்று, அதன் மேல் அரை செ.மீ.க்குக் குறையாமல் காஸ்டபிள் (சூடு தாங்கும் சிமெண்ட்) பூச்சு. பூசாத கம்பளியின் இழை நுரையீரலில் போய் உட்காரும். இரும்பைக் காய்ச்சி ஒட்டும்போது தூவும் வெங்காரம் பட்டால் கம்பளி கரைந்தும் போகும். ஜிப்சம் மாவும் மணலும் கலந்து பூசச் சொல்லும் வீடியோக்கள் இந்த வேலைக்கு உதவாது. மழைக்காலம் முடிந்து முதல் முறை மூட்டும்போது மெதுவாகச் சூடேற்றுங்கள், ஈரம் குடித்த பூச்சு வெடிக்கும்.

சாயந்தரக் கடல்காற்று பர்னரின் வாயில் நேராக அடித்தாலும் சுடர் தடுமாறும். பர்னரின் காற்று வாயைக் கிழக்கே பார்க்க வைக்காதீர்கள்.

வேளச்சேரி பொறியாளர்:
ஊது விசிறி வைத்த பர்னர் போட்டால் குறைந்த அழுத்தமே போதுமே?

அம்பத்தூர் லேத்:
உண்மை. ஆனால் கரண்ட் போனால் விசிறி நிற்கும், கேஸ் நிற்காது. கரண்ட் இருக்கும்போது மட்டும் திறக்கும் சோலனாய்டு வால்வு போட்டால் சரி.

இன்னொன்று. எல்பிஜி காற்றைவிடக் கனம். மாடியில் கசிந்தாலும் படிக்கட்டு வழியாக வீட்டுக்குள்தான் இறங்கும். சிலிண்டரை மாடிப்படிக் கதவிலிருந்து தள்ளி வையுங்கள். தகரக் கொட்டகைக்குள் எரிக்கவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வேளச்சேரி பொறியாளர்:
9 இஞ்சுக்கு மேல் நீளமோ 2 இஞ்சுக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுத விதிகள் கவனிக்கும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. அரிவாள்மணைக்குப் பயமில்லை. வாள் அடித்து இன்ஸ்டாவில் போட ஆசைப்பட்டால் உரிமத்தை விசாரித்துவிட்டு அடியுங்கள்.

பெரம்பூர் சம்மட்டி:
நன்றி அண்ணே. ரெகுலேட்டரை முதலில் மாற்றுகிறேன். துவைச்சல் (காய்ந்த இரும்பை முக்கிக் கெட்டியாக்குவது) தண்ணீரிலா, எண்ணெயிலா?

அம்பத்தூர் லேத்:
கமான் பட்டைக்கு எண்ணெய். தண்ணீரில் விட்டால் விரிசல் விடலாம். சமையல் எண்ணெயே போதும், 50 டிகிரி போலச் சூடாக்கிக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் சூடேற்றி முக்குங்கள். அரம் வழுக்கினால் துவைச்சல் பிடித்திருக்கிறது. அதன்பின் ஓவனில் 200 டிகிரியில் இரண்டு தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம். அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், ஓவனில் எண்ணெய் நாற்றம் நாலு நாளைக்குப் போகாது.