மிஸ், அது பழைய கிலோகிராம்

இயற்பியல் ஆசிரியை, ஒன்பது வருட இடைவெளி

மூத்தவள் பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போது, 2014-இல் வேலையை விட்டேன். ஒரு வருடத்தில் திரும்பிவிடுவேன் என்றுதான் நினைப்பு. அதனால் ஸ்டாஃப் ரூம் அலமாரியில் இருந்த என் லாக் டேபிள் (மடக்கை அட்டவணை) புத்தகத்தைக்கூட எடுத்து வரவில்லை. அப்புறம் இளையவன் பிறந்தான், அவனுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வந்தது, எல்லாம் சரியாகும் நேரத்தில் 2020 வந்து பள்ளிக்கூடங்களையே பூட்டிவிட்டது. மறுபடி ஒன்பதாம் வகுப்பு வாசலில் நான் நின்றது 2023-இல்.

நேர்காணலில், "இவ்வளவு வருஷமும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்கள். பிள்ளைகளை வளர்த்தேன் என்றேன். "அப்ப சும்மாதான் இருந்தீங்க" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லிக் காகிதத்தில் ஏதோ குறித்தார். வேலையை விடுவதற்கு முன் ஆறு வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். அதற்கான அனுபவச் சான்றிதழ் கையில் இல்லாததால் அதையும் கணக்கில் எடுக்கவில்லை, புதிதாகச் சேர்பவர்களுக்கான சம்பளம்தான். பழைய பள்ளியில் தலைமை மாறி, பதிவேட்டைத் தேடி, சான்றிதழ் வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது வேலையை விடப்போகிற யாராவது இதைப் படித்தால், கடைசி நாளிலேயே அதை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று நானும்தான் நினைத்தேன்.

பாடம் மறந்திருக்குமே என்றுதான் எனக்குப் பெரிய பயம். பத்து நாள் இரவில் உட்கார்ந்து படித்தேன், வேகமாகவே திரும்பி வந்தது. லென்ஸ் கணக்கில் எந்தப் பக்கம் கூட்டல், எந்தப் பக்கம் கழித்தல் என்பது மட்டும் இரண்டு நாள் படுத்தியது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி படித்துப் பார்த்து 1885-இல் எழுதியது இதைத்தான். சுத்தமாக மறந்துபோனது போலத் தோன்றினாலும், இரண்டாம் தடவை படிக்கக் குறைந்த நேரமே பிடிக்கும்.

ஆனால் படித்தது நினைவுக்கு வருவது வேறு, படித்ததே மாறிப்போவது வேறு. இது என் மண்டையில் உறைத்தது பள்ளிக்குப் போன மூன்றாம் நாள்.

அளவீடுகள் பாடம். பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ரே என்ற இடத்தில், கண்ணாடிக் குடுவைகளுக்குள் பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்று இருக்கிறது, உலகத்தின் ஒரு கிலோ என்பது அதுதான் என்று ஆரம்பித்தேன். முன்பெல்லாம் வகுப்பே வாய்பிளந்து கேட்கும் கதை அது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "மிஸ், அது பழைய கிலோகிராம்."

2019 மே 20 முதல் கிலோகிராமை பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் என்றும் மாறாத ஓர் அளவை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். அந்த மே மாதம் நான் மகனுக்கு நெபுலைசர் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன், எந்தச் செய்தியும் காதில் விழுந்திருக்காது. முகம் சூடாகிவிட்டது. "உட்காரு, பாத்துச் சொல்றேன்" என்றேன். ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை அவனுக்கு. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மறுநாள் போனதும் முதல் வேலையாக, நேற்று சொன்னது தவறு என்று போர்டிலேயே எழுதினேன். அவனைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னேன். மே 20-க்கு மேல் அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை! சரி, சேர்ந்தே பார்ப்போம் என்று வகுப்போடு படித்தோம். உருளையையும் அதன் நகல்களையும் நூறு வருடத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சுமார் 50 மைக்ரோகிராம் வரை வித்தியாசம் தெரிந்திருக்கிறது. உருளை இளைத்ததா, நகல்கள் கூடினவா என்று சொல்ல வழியில்லை. ஏனென்றால் உருளை எவ்வளவு எடையோ, அதுவே ஒரு கிலோ என்பதுதான் அப்போதைய சட்டம். இந்த இடத்தில் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பழைய கதையைவிட இது நல்ல கதை.

நாலாம் நாள் குரல் போய்விட்டது. வீட்டில் கத்தியவள்தானே என்று நினைத்திருந்தேன். வீட்டில் கத்துவது இரண்டு வாக்கியம், இங்கே ஆறு பீரியட். டாக்டர், கிசுகிசுத்தும் பேசாதீர்கள், அதுவும் தொண்டையை வருத்தும் என்றார். தண்ணீர் பாட்டில், போர்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது, வகுப்பு அடங்கும்வரை சும்மா நிற்பது என்று ஒவ்வொன்றாகப் பழகினேன். அந்த 'சும்மா' கஷ்டமான வேலை.

ரெண்டு பிள்ளைகளை வளர்த்தவளுக்கு நாற்பது பேர் எம்மாத்திரம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் தைரியம் சொன்னார்கள். இதை நம்பாதீர்கள். வீட்டில் எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லையோ அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவோம். நானும் அப்படியே ஒரு பெண்ணின் பக்கத்தில் பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மீதி 39 பேரும் சந்தை போட்டிருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று வீட்டிலிருந்து கொண்டுபோனேன் என்று சொல்வேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்பது, ஆளை விடு என்பதற்கான மரியாதையான சொல். முன்பு அதை நம்பி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார், மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீளும், பேசாத பிள்ளைகளும் பேசும் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே எழுதிவிட்டார். பயிற்சியில் படித்து, பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன், வகுப்பில் ஒரு நாளும் செய்ததில்லை. என் மகன் எதைக் கேட்டாலும் நின்று நிதானமாகத்தான் வாய் திறப்பான். அவனோடு இருந்து இருந்து பொறுக்கப் பழகிவிட்டது.

வீட்டுப்பாடம் என்று பார்த்தால் ஏழெட்டு நோட்டில் ஒரே மாதிரி பளபளப்பான பதில், எல்லாம் சாட்ஜிபிடி. அதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். இருபது வருடம் லீவே போடாதவர்களும் அன்றைக்கு என்னைப் போலவே விழித்தார்கள்.

தொடக்க வகுப்பு ஆசிரியை, பதினொரு வருட இடைவெளி

உங்களுக்குக் கிலோகிராம், எனக்குப் புளூட்டோ. நான் விட்டது 2005, திரும்பியது 2016. இடையில் 2006-இல் அதைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்ல வேளை, என் மகள் அதை வீட்டிலேயே சொல்லித் திருத்திவிட்டாள், வகுப்பில் மானம் தப்பியது.

எனக்குப் பாடமோ குரலோ பிரச்சினை இல்லை. வீட்டில் சொன்ன ஒரு வார்த்தைதான். "உனக்கு விருப்பம்னா போ." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் பொருள் வேலை உன் விருப்பம், வீடு உன் கடமை என்பது. முதல் பருவத் தேர்வு அன்று காலை சின்னவளுக்குக் காய்ச்சல். எனக்குத் தேர்வு அறைக் கண்காணிப்பு, போகாமல் இருக்க முடியாது. அவர் அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார், பழக்க தோஷம், ஒரு கேள்விகூட இல்லை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அழுதுகொண்டே போனேன். அன்று ராத்திரி உட்கார்ந்து, யாருக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு என்று மாதவாரியாகப் பிரித்து எழுதி அவரிடம் கையெழுத்தே வாங்கினேன். சிரித்துக்கொண்டேதான் போட்டார். நான் சிரிக்கவில்லை. அந்தத் தாள் அலமாரிக் கதவில் மூன்று வருடம் ஒட்டியிருந்தது.

தமிழாசிரியை, ஏழு வருட இடைவெளி

எல்லோரும் திரும்பிப் போய் நிலைத்தவர்களாகவே பேசுகிறீர்கள். நான் போய், ஐந்தாம் மாதம் விட்டுவிட்டேன்.

வகுப்பு பிடித்திருந்தது. யாராவது வரவில்லை என்றால், அந்தப் பீரியடைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். ஓய்வுப் பீரியட் என்று அட்டவணையில் மட்டும்தான் இருக்கும். கட்டுரை நோட்டு திருத்துவது வீட்டுக்கு வரும். ஒரு நாள் என் மகன் பள்ளியில் நடந்த எதையோ ஆசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான், நான் "சுருக்கமாச் சொல்லு" என்றேன். வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

இப்போது மாலையில் இரண்டு மணி நேரம் சிலருக்கு இலக்கணம் சொல்லித் தருகிறேன். தோற்று வந்தவள் மாதிரி பார்க்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. ஆனால் மணியடித்ததும் ஸ்டாஃப் ரூமில் எழும் அந்த இரைச்சல் இருக்கிறதே, அதற்கு ஏங்குகிறேன்.

வேதியியல் ஆசிரியர், நான்கு வருட இடைவெளி

நான் ஆண். மனைவிக்கு இடமாற்றம் உள்ள வேலை, பிள்ளையை நான்தான் பார்த்துக்கொண்டேன். நேர்காணலில் என்னிடம், "உடம்புக்கு ஏதாவது முடியாம இருந்தீங்களா?" என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன், நம்பவில்லை. கடைசிவரை ஏதோ பெரிய வியாதியை மறைக்கிறேன் என்றே நினைத்தார்கள். வேலை கிடைத்தது. பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவே இல்லை.

லாக் டேபிள் என்ன ஆயிற்று மேடம்?

இயற்பியல் ஆசிரியை

சான்றிதழ் வாங்கப் போனபோது பார்த்தேன் சார். அதே அலமாரி, அதே தட்டு. முதல் பக்கத்தில் என் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே வேறு யாரோ தன் பெயரை எழுதியிருந்தார்கள். அதையும் அடித்து, அதற்கும் கீழே இன்னொரு பெயர். அட்டை மட்டும் புதிதாகப் போட்டிருந்தார்கள். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.