‘வாய் வல்லவர்’ என்று போட்டால் பாராட்டா, திட்டா?

கோத்தகிரிக்காரன்:
எங்கள் ஃபேக்டரி சூப்பர்வைசர் ஒருவர் ரிட்டையர் ஆகிறார். பச்சைத் தேயிலை விலை குறைந்துவிட்டதென்று சண்டைக்கு வருபவரையும் பேசியே டீ குடிக்க உட்கார வைத்துவிடுவார். வாழ்த்து மடலில் ‘வாய் வல்லவர்’ என்று எழுதிக் கொடுத்தால் பிரஸ்காரர் சிரிக்கிறார், “அண்ணா, அவர் கோவிச்சுக்குவார்” என்கிறார். வேறு என்ன போடலாம்? நன்றாக எழுதவும் செய்வார், அதுவும் வர வேண்டும்.

குன்னூர் டீச்சர்:
பிரஸ்காரர் சொன்னது சரி தம்பி. தமிழில் பாராட்டெல்லாம் நாவுக்கு, ஏச்செல்லாம் வாய்க்கு. நாவன்மை, நாநலம், நாவலர் ஒரு பக்கம். வாயாடி, வாய்ச்சவடால், வாய்ஜாலம், வாய்ப்பந்தல் இன்னொரு பக்கம். ‘வாக்கு சாதுரியம்’ வேண்டவே வேண்டாம், நழுவுகிற ஆள் என்று தொனிக்கும். குறளில் 65ஆம் அதிகாரம் சொல்வன்மை, முதல் குறளே நாநலம் என்றுதான் தொடங்கும். கடைசிக் குறள் நம் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கும்: கற்றதைப் பிறருக்கு விளங்கச் சொல்லத் தெரியாதவர், கொத்தாகப் பூத்தும் மணக்காத பூ. பங்களா வேலியோரம் நீலநீலமாக நிற்கிற ஹைட்ரேஞ்சியாவை ஒருநாள் மோந்து பாருங்கள்.

மஞ்சூர் பனி:
பாதிதான் சரி டீச்சர். ‘நாக்கு நீளம்’ பாராட்டா? ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ ஏச்சா?

குன்னூர் டீச்சர்:
நா வேறு, நாக்கு வேறு :) அந்தப் பிள்ளையை எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.

பழைய மனு:
தாலுகா ஆபீஸ் வாசலில் வருஷக்கணக்காக மனு எழுதியவன் நான். காட்டெருமை புகுந்து கேரட்டை மிதித்துவிட்டதென்று வருபவர் அரை மணி நேரம் சொல்வார், கேட்கிற எனக்கே கண் கலங்கும். நான் எழுதுவது நாலு வரி: தேதி, சர்வே நம்பர், எத்தனை சென்ட், என்ன வேண்டும். அவர் பேச்சை அப்படியே எழுதினால் ஆபீசர் இரண்டாம் வரி தாண்ட மாட்டார். சில சொல்லில் சொல்லத் தெரியாதவர்தான் பல சொல்ல ஆசைப்படுவார் என்று அதே அதிகாரத்தில் 649 சொல்கிறது. நாவன்மை பேச்சோடு நின்றுவிடும், சொல்வன்மைதான் இரண்டுக்கும் ஒட்டும். ‘ஆற்றொழுக்கு’ என்றும் ஒன்று உண்டு, நன்னூலில் சூத்திரங்கள் தொடர்ந்து போவதற்குச் சொன்னது, இப்போது தங்குதடையில்லாத பேச்சுக்கும் நடைக்கும் சொல்கிறோம்.

கோத்தகிரிக்காரன்:
ஆற்றொழுக்கு ரொம்பப் பிடித்தது. பிரஸ்காரர் “என்னண்ணா, எங்க ஒழுகுது?” என்றார். சொல்வன்மை என்றே போட்டாச்சு.