குளிர் நாட்டுக்கு நாயோடு வந்தவர்களுக்கு: கோட்டு, ஹார்னஸ் வாங்குமுன் அளவு எடுக்கும் முறை

குளிர் தொடங்கினாலே வரும் கேள்வி இதுதான்: "எங்கள் நாய் பத்து கிலோ. எந்த சைஸ் கோட்டு வாங்கலாம்?"

எடையை மட்டும் கேட்டு யாராலும் சைஸ் சொல்ல முடியாது. பத்து கிலோவில் நீள முதுகும் குட்டைக் காலுமாக ஒரு டாக்ஸ்ஹண்ட் இருக்கும். அகன்ற நெஞ்சும் தடித்த கழுத்துமாக ஒரு பிரெஞ்சு புல்டாக் இருக்கும். வயிறு ஒட்டிய ஒரு விப்பெட்டும் இருக்கும். மூன்றுக்கும் ஒரே கோட்டு பொருந்தாது. "மீடியம்" என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இனத்தின் பெயரைப் போட்டு விற்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒரே இனத்திலேயே ஒல்லியும் குண்டும் உண்டு.

விமானத்தில் கூட்டி வந்தவர்களிடம் ஏற்கெனவே ஓர் அளவுச் சீட்டு இருக்கும். அதைப் பார்த்து கோட்டு ஆர்டர் செய்துவிடாதீர்கள். கூண்டுக்கு எடுத்த நீளம் மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரைக்குமானது, உயரம் தலை உச்சி அல்லது காது நுனி வரைக்குமானது. நாய் உள்ளே எழுந்து நிற்க, திரும்ப, படுக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த அளவுகள் அவை. உடுப்புக்கு அவற்றில் ஒன்றுகூட உதவாது.

புதிதாக எடுக்கத் தையலுக்கான இன்ச் டேப் போதும். இல்லையென்றால் ஒரு ஷூ லேஸைச் சுற்றி, நுனி வந்து சேரும் இடத்தைக் கிள்ளிப் பிடித்து, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். தச்சு வேலைக்கான இரும்பு டேப் சரியாக வளையாது, அது சுருளும் சத்தத்துக்குப் பல நாய்கள் மிரளும். முதலில் டேப்பை மோந்து பார்க்க விடுங்கள்.

நமக்கு அளவெடுக்கும்போது தையல்காரர் நேராக நிற்கச் சொல்வதுபோல நாயும் நான்கு காலிலும் நேராக நிற்க வேண்டும். உட்கார்ந்தால் முதுகு வளையும், நெஞ்சளவும் மாறிவிடும். ஒருவர் முன்னால் நின்று தின்பண்டம் காட்டட்டும், இன்னொருவர் அளவெடுக்கட்டும். தின்பண்டம் மூக்கு உயரத்திலேயே இருக்கட்டும். மேலே தூக்கினால் நாய் பின்பக்கத்தைத் தரையில் வைத்துவிடும்.

முக்கியமான அளவு நெஞ்சுச் சுற்றளவு. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், விலாக்கூடு மிக அகலமாக இருக்கும் இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். இறுக்கவும் வேண்டாம், தொங்கவும் வேண்டாம். டேப்புக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைந்தால் சரி. சிறிய நாய்க்கு ஒரு விரல் போதும். கோட்டு, ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டி) இரண்டுக்கும் இந்த அளவுதான் முடிவு சொல்லும். முதுகு ஒரு சைஸிலும் நெஞ்சு அடுத்த சைஸிலும் வந்தால் நெஞ்சின் பக்கம் போங்கள். முதுகில் இரண்டு சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தால் பெரிய தொல்லை இல்லை. நெஞ்சில் இறுகினால் நாய் நடக்கவே மறுக்கும்.

முதுகு நீளம் கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் தொடங்கி வால் தொடங்கும் இடத்தில் முடிகிறது. வாலைச் சேர்க்கக் கூடாது. சில கம்பெனிகள் தோள்மேட்டிலிருந்து (தோள் எலும்புகளுக்கு நடுவே உள்ள உச்சி) அளக்கச் சொல்லும், அதனால் அட்டவணையோடு போட்டிருக்கும் படத்தையும் பாருங்கள். கோட்டு வால் அடிக்கு மேல் நீண்டால் நாய் மலம் கழிக்கும்போதெல்லாம் அழுக்காகும்.

கழுத்தில் இரண்டு அளவு எடுத்து வைப்பது நல்லது. கழுத்துப்பட்டை வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒன்று, அதற்குக் கீழே கழுத்து தோளோடு சேரும் அகன்ற இடத்தில் ஒன்று. முதலாவது பட்டைக்கு, இரண்டாவது கோட்டுக்கும் ஹார்னஸுக்கும். இப்போதுள்ள பட்டை சரியாக இருந்தால் அதைக் கழற்றி நீட்டி வைத்து, பக்கிளிலிருந்து நீங்கள் மாட்டும் ஓட்டை வரை அளந்தாலே போதும்.

எல்லாவற்றையும் சென்டிமீட்டரிலும் இன்ச்சிலும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு இன்ச் 2.54 செ.மீ. சில கோட்டுகளின் சைஸ் எண்ணே முதுகு நீளம்தான். "45" என்று போட்டிருந்தால் அது 45 செ.மீ. முதுகு. இன்ச்சில் 18 என்று அளந்துவிட்டு அதையே சைஸாகக் கேட்டால் வீட்டுக்கு வருவது பொம்மைச் சட்டையாக இருக்கும்.

அடுத்தது ஹார்னஸ். இதில் கொஞ்சம் கறாராக இருக்கச் சொல்வேன். புது ஊர், புது வாசனை, புதுச் சத்தம். பழைய இடத்தில் சாதுவாக நடந்த நாய்கூட இங்கே ஒரு பனி அள்ளும் வண்டியைப் பார்த்துப் பின்வாங்கும். அப்படிப் பின்வாங்கும்போதுதான் தளர்ந்த பட்டையும் ஹார்னஸும் தலை வழியாகக் கழன்றுவிடும். கிரேஹவுண்ட், விப்பெட் மாதிரி மெலிந்த தலை உள்ளவற்றுக்குக் கழுத்தைவிடத் தலை குறுகல், சாதாரணப் பட்டை நிற்காது. இழுத்தால் அளவாக இறுகி ஓர் எல்லையில் நின்றுவிடும் மார்ட்டிங்கேல் பட்டைதான் இவற்றுக்கு ஏற்றது. பயந்த நாய்க்கு விலாவுக்குப் பின்னால் கூடுதலாக ஒரு பட்டி போகும் ஹார்னஸும் கிடைக்கிறது. அதை வாங்குவதென்றால் இடுப்பு ஒடுங்கத் தொடங்கும் இடத்தையும் அளக்க வேண்டும்.

மாட்டிய பிறகு பார்க்க வேண்டியவை: முன்பக்கப் பட்டி நெஞ்செலும்பின் மேல் உட்கார வேண்டும், தொண்டையை அழுத்தக் கூடாது, தோளுக்குக் குறுக்கே இறங்கிக் காலை மறிக்கவும் கூடாது. நெஞ்சைச் சுற்றும் பட்டி அக்குளை ஒட்டாமல், நடுத்தர நாய்க்கு இரண்டு விரல் அகலமாவது பின்தள்ளி இருக்கட்டும். முன்னால் ஒய் வடிவில் இருந்தால் தோள் முழுச் சுதந்திரமாக அசையும் என்று விளம்பரம் செய்வார்கள். 2019-இல் வந்த ஓர் ஆய்வில் ஒய் வடிவ வகை, நெஞ்சுக்குக் குறுக்கே பட்டி போகும் வகை இரண்டுமே நாயின் தோள் வீச்சை ஓரளவு குறைத்தன. வடிவத்தை மட்டும் நம்பாமல் உங்கள் நாய் நடப்பதைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். எட்டு வைப்பது குறுகினால் அந்த ஹார்னஸ் அதற்குச் சரியில்லை.

கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே ஒரு சோதனை செய்யுங்கள். லீஷை (பிடிகயிற்றை) மாட்டி நாய்க்கு முன்னால் நின்று, தின்பண்டம் காட்டியபடியே மெல்ல முன்பக்கம் இழுங்கள். நாய் பின்வாங்கும்போது ஹார்னஸ் காதைத் தாண்டி வந்தால் தளர்வு அதிகம். உட்காரவும், படுக்கவும், திரும்பவும் வைத்துப் பாருங்கள். லேபிளைக் கழற்றாமல், தெருவுக்குக் கொண்டுபோகாமல் இதைச் செய்தால் திருப்பி அனுப்பவும் வழி இருக்கும். ஒட்டிய முடியைத் துடைத்துவிடுங்கள்.

பட்டி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையில், உங்கள் அளவு வரம்பின் நடுவில் விழும் சைஸை எடுங்கள். நெஞ்சு 60 செ.மீ. என்றால் 45 முதல் 60 வரை உள்ளதைவிட 50 முதல் 70 வரை உள்ளது நல்லது. குளிரில் உள்ளே ஒரு கோட்டு சேரலாம், நாயும் கொஞ்சம் எடை போடலாம்.

இந்தப் பதிவின் கீழே வந்த கேள்விகளுக்கு:

ஹார்னஸ் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா? இரண்டும் சரி. உள்ளே என்றால் கோட்டின் முதுகில் லீஷ் கொக்கிக்கான ஓட்டை வேண்டும், அது ஹார்னஸின் வளையத்துக்கு நேராக வர வேண்டும். அதனால் கழுத்தடியிலிருந்து வளையம் வரைக்கும் அளந்து வையுங்கள். வெளியே என்றால் கோட்டு போட்ட பிறகு நெஞ்சை அளக்க வேண்டும்.

ஆண் நாய்: வயிற்றுப் பக்கத் துணி நீண்டிருந்தால் சிறுநீரில் நனைந்து குளிரில் அதுவே தொல்லை. முன்னங்கால்களுக்கு நடுவிலிருந்து குறிக்குச் சில சென்டிமீட்டர் முன்பு வரை அளந்து, துணி அதற்குள் முடிகிறதா என்று பாருங்கள்.

"எங்களுடையது ஹஸ்கி, கோட்டு வேண்டுமா அண்ணா?" வேண்டாம் தம்பி. அடர்ந்த இரட்டை ரோமம் உள்ள ஆரோக்கியமான நாய்க்கு அதுவே கோட்டு. குட்டை முடி, ஒல்லி உடம்பு, சின்ன உருவம், வயதானவை, குட்டிகள், இவற்றுக்குத்தான் தேவை. நீள முடி நாய்க்கு அளவெடுக்கும்போது முடியை லேசாக அழுத்தி எடுங்கள். முடி வெட்டிய பிறகு மறுபடி எடுக்க வேண்டும்.

குட்டி: வளரும் என்று பெரிதாக வாங்கக் கூடாது, கழன்றுவிடும். வாரம் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள். வளரும் கழுத்தில் மாற்றாமல் விட்ட பட்டை தோலை அறுக்கும்.

வாய்க்கூடை (கடிக்காதபடி நாயின் வாய்க்கு மாட்டுவது): சில நாடுகளில் ரயிலிலோ பேருந்திலோ ஏற்ற இது கட்டாயம், அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பாருங்கள். வாயைக் கட்டிப்போடும் துணிப்பட்டை நெடுநேரத்துக்கு ஆகாது. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும், அதற்கு வாய் திறக்க வேண்டும். கூடை வகையை எடுங்கள். கண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழிருந்து மூக்கு நுனி வரை நீளம், அதே இடத்தில் சுற்றளவு, பிறகு நாய் மூச்சிரைக்கும்போது வாயின் உயரம். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், கூடை பொருந்துவது அதை வைத்துத்தான்.

பூட்ஸ்: பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு பாதத்தை எரிக்கும், அதனால் இது வீண் செலவு இல்லை. நகத்தை வெட்டிவிட்டு, முன்னங்காலை ஒரு தாளில் வைத்து, மற்ற முன்னங்காலைத் தூக்கிப் பிடியுங்கள். எடை இறங்கிப் பாதம் விரியும். இரண்டு பக்கமும் கோடு போட்டு நடுவே உள்ள அகலத்தை அளக்கவும். பின்னங்காலையும் தனியாக எடுங்கள், பல நாய்களுக்கு முன்பாதம்தான் பெரிது. இரண்டு சைஸ் வந்தால் இரண்டு சைஸாகவே கேளுங்கள், ஜோடியாக விற்பவர்களும் இருக்கிறார்கள். முதலில் வீட்டுக்குள் சில நிமிடம் போட்டுப் பழக்குங்கள். காலைத் தூக்கித் தூக்கி நடக்கும், சிரித்துவிடாதீர்கள், அல்லது சிரித்துவிட்டுத் தின்பண்டம் கொடுங்கள்.