பெரிய வட்டம் விழுந்த மருந்துதான் நல்ல மருந்தா?

திருமங்கலம் லேப்காரன்: "மடிநோய்ப் பாலை லேபில் கொடுங்கள், எதற்குப் பெரிய வட்டம் விழுகிறதோ அந்த மருந்தைப் போடுங்கள்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சலாகிவிட்டது. தட்டில் கிருமியைத் தடவி, மருந்து வில்லைகளை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விட்டால், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழும். சரி. ஆனால் மருந்துக்கு மருந்து எல்லை வேறு. மடிநோய் தரும் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிக்குப் பெனிசிலின் வட்டம் 28 மில்லிமீட்டர் இருந்தாலும் மருந்து கேட்காது, 29 வேண்டும். ஜென்டாமைசினுக்கு 15 போதும்.

மேலூர் மாட்டுப்பண்ணை: எழுதியது நான்தான். 28 கேட்காதாம், 15 கேட்குமாம்! ஸ்கேலை எந்தக் கடையில் வாங்கினீர்கள் தம்பி?

திருமங்கலம் லேப்காரன்: ஒவ்வொரு மருந்தும் அகாரில், அதாவது தட்டில் கிருமி வளரும் கூழில், பரவும் விதம் வேறு அண்ணே. இரண்டு வட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. பெனிசிலினுக்கு 28 என்றால் கேட்காது.

மேலூர் மாட்டுப்பண்ணை: என் ஜெர்சிப் பசுவுக்குப் பின் இடது காம்பில் பால் தயிர் தயிராக வந்தது. பெரிய வட்டத்து மருந்தைத்தான் போட்டோம். நாலாம் நாள் பால் தெளிந்துவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

திருமங்கலம் லேப்காரன்: அந்த வட்டம் அதன் எல்லையைத் தாண்டியிருக்கும். அதனால்தான் மருந்து கேட்டது, வட்டம் பெரியது என்பதால் அல்ல.

உசிலம்பட்டி ஆட்டுக்காரர்: மதுரைக்குப் பஸ் ஏறிப் பாலைக் கொடுத்து, முடிவு வருவதற்குள் மடி கல்லாகிவிடும். எங்களுக்கு ஊசிதான்.

திருமங்கலம் லேப்காரன்: ஊசி போடுங்கள், யார் தடுத்தது? அதற்கு முன் பாலை எடுத்து வையுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் பீச்சைத் தள்ளிவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். ஊசிக்குப் பின் எடுத்த பாலில் கிருமி வளராமல் போகலாம்.

மேலூர் மாட்டுப்பண்ணை: மூன்று தலைமுறையாகக் கறக்கிறோம். காம்பு துடைக்க இவர் சொல்லித்தருகிறார்.

உசிலம்பட்டி ஆட்டுக்காரர்: உங்கள் பெருமை தெரியும் அண்ணே. போன பொங்கலுக்கு என் கிடாய்க்குக் கொலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுக்கச் சொன்னவர்தானே? 2019லேயே தடை செய்த மருந்து.

மேலூர் மாட்டுப்பண்ணை: அது கோழிக்கு.

திருமங்கலம் லேப்காரன்: உணவுக்கு வளர்க்கும் எல்லா விலங்குக்கும்தான் தடை.

மேலூர் மாட்டுப்பண்ணை: பேச்சை மாற்றாதீர்கள். 28 பெரிதா, 15 பெரிதா?

திருமங்கலம் லேப்காரன்: பெனிசிலினுக்கு 28 கேட்காது. சாயங்காலம் தட்டைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

மேலூர் மாட்டுப்பண்ணை: ஸ்கேலோடு போடுங்கள்.