வீட்டிலேயே கட்டும் கேம்பர் டிரெய்லர்: அச்சும் எடையும்

கேள்வி: அம்பத்தூரில் தெரிந்த பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் இருவர் படுக்கும் அளவில் சிறிய கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் படுக்கை வண்டி) கட்ட எண்ணியுள்ளேன், பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய சக்கர அச்சு வாங்கலாமா, எடையை எப்படிப் பகிர்வது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1: வாங்கலாம், பேரிங்கை மட்டும் புதிதாகப் போடுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியின்மீது இறங்க வேண்டும். 500 கிலோ வண்டியென்றால் 50 முதல் 75 கிலோ. பின்பக்கம் கனத்தால், வேகமெடுத்ததும் டிரெய்லர் பாம்பாக நெளிந்து காரையும் அலைக்கழிக்கும். தண்ணீர்த் தொட்டியைப் பின்னால் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும்; அச்சுக்கு அருகிலேயே வையுங்கள்.

பதில் 2: கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவீர்களானால், கடற்காற்றின் ஈரத்தைத் தாங்க ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) மரைன் பிளைவுட் வாங்கி, அதன் ஓரங்களை எபாக்சி என்ற பிசினால் அடைத்துவிடுங்கள்.

பதில் 3: 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. ஆகவே, வெல்டிங் தொடங்கும் முன்பே வரைபடத்துடன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசிவிடுங்கள், ஐயா.